டைம்ஷேரில் சேரலாமா? ஒரு தடவைகூடத் தங்கிப் பார்த்ததில்லை, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

நொய்யல்கரை:

வணக்கம் நண்பர்களே. டைம்ஷேர் என்றால், முதலிலேயே ஒரு தொகை கட்டிவிட்டு, ஒரு நிறுவனத்தின் ரிசார்ட்டுகளில் பல வருடத்துக்கு வருடா வருடம் சில நாள் தங்கிக்கொள்ளும் திட்டம். கோவையில் இருக்கிறோம். நான், மனைவி, ஆறாவதும் இரண்டாவதும் படிக்கிற பிள்ளைகள், என் அம்மா.

போன மாதம் ஒரு மாலில் புது கார் ஒன்றை நிறுத்தி வைத்து, பேரும் போன் நம்பரும் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். பையன் ஆசைப்பட்டான், போட்டோம். பத்து நாளில் அழைப்பு வந்தது. "சார், உங்களுக்கு கிஃப்ட் விழுந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை மேடமும் நீங்களும் சேர்ந்து வரணும், தனியா வந்தா தர முடியாது." போனோம். ஹோட்டல் ஹாலில் இருபது மேசை, ஒவ்வொன்றிலும் எங்களைப் போல ஒரு தம்பதி. யாராவது கையெழுத்துப் போட்டால் மைக்கில் பேரைச் சொல்லிக் கைதட்டுகிறார்கள். ஒரு மணி நேரம் என்று கூப்பிட்டவர்கள் மூன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

திட்டம் இது. 25 வருடம், வருடத்துக்கு 7 இரவு, ஸ்டுடியோ அறை. விலை 4 லட்சம். முன்பணம் 40,000, மீதிக்கு மாதம் 11,950 வீதம் 36 மாத இஎம்ஐ. அதுபோக பராமரிப்புக்கு என்று வருடாந்திரக் கட்டணம், வரியோடு சேர்த்து இப்போது 20,000. இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்றார்கள். யோசிக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டோம். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, எனக்காகச் சனிக்கிழமை வரை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்கிறார்.

மனைவிக்கு ஆசை இருக்கிறது. கல்யாணமாகி 13 வருடத்தில் நாங்கள் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெளியூரில் தங்கியது இரண்டே தடவை, இரண்டும் கோயில் பயணம். "பணம் கட்டிட்டோம்னாவது வருஷத்துக்கு ஒரு தடவை கிளம்புவோமில்ல" என்கிறாள். அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் தெரிந்தவர்கள் யாரும் சேர்ந்ததில்லை. கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு இவ்வளவு பணம் கட்டலாமா? நிறுவனத்தின் பேரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

வைகைவாசி:

தம்பி, நான் ஒன்பது வருடமாக ஓர் இடத்தில் உறுப்பினர். மதுரை. குறையும் உண்டு, நிறையும் உண்டு, இரண்டையும் சொல்கிறேன்.

அறைகள் நன்றாகவே இருக்கும், அதில் ஏமாற்று இல்லை. சிக்கல் தேதியில்தான். உங்களுக்குக் கொடுத்த சீசன் எது? கிளப் மஹிந்திரா என்ற டைம்ஷேர் நிறுவனத்தில், கூட்டம் எவ்வளவு என்பதைப் பொறுத்து வருடத்தின் வாரங்களை மேலிருந்து கீழாக பர்ப்பிள், ரெட், வொயிட், புளூ என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் பேர் வேறாக இருக்கும், ஏற்பாடு ஏறக்குறைய இதேதான். மேல் சீசன் வாங்கியவர் கீழ் சீசனிலும் போகலாம், கீழே வாங்கியவர் மேலே போக முடியாது. விலை குறைவாக இருக்கிறதே என்று நான் கீழே வாங்கினேன். என் பெண் அப்போது எட்டாவது. அவளுக்கு லீவு கிடைப்பது ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, டிசம்பர் கடைசி. என் சீசன் திறந்திருந்ததோ ஜூலை, ஆகஸ்ட். முதல் நான்கு வருடத்தில் இரண்டு தடவை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுத்தான் போனோம்.

மேல் சீசனே வாங்கினாலும் கொடைக்கானலில் மே இரண்டாம் வாரம் என்று நினைத்தவுடன் கிடைத்துவிடாது. தமிழ்நாட்டில் பிள்ளைகள் வைத்திருக்கிற எல்லா உறுப்பினரும் அதே வாரத்தைத்தான் கேட்பார்கள். பதிவு திறக்கிற அன்றைக்கே போனோடு உட்கார வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது "அறை எப்படி இருக்கும்" என்பதை அல்ல. "எனக்கு லீவு கிடைக்கிற வாரத்தில் அறை கிடைக்குமா" என்பதை. இதை அந்த ஹாலில் யாரும் காட்ட மாட்டார்கள். உறுப்பினராக இருக்கிற யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஆப்பைத் திறந்து, உங்களுக்கு வேண்டிய தேதியைப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

கணக்குப்பிள்ளை:

நான் எண்ணை மட்டும் சொல்கிறேன். முதலில் "நான்கு லட்சம்" என்பதை மறந்துவிடுங்கள். 11,950-ஐ 36-ஆல் பெருக்கினால் 4,30,200. முன்பணத்தோடு 4,70,200. இஎம்ஐ-யில் போனால் நீங்கள் கட்டப்போகிற விலை இது.

சரி, ரொக்கமாகக் கட்டுவதாகவே வைத்துக்கொள்வோம். அதே 4 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டு 25 வருடம் தொடாமல் விட்டால், வரியைக் கணக்கில் எடுக்காமல், 21.7 லட்சம் ஆகும். டைம்ஷேரில் 25 வருடம் கழித்து அசல்கூடத் திரும்பி வராது. எனவே அந்த 4 லட்சத்தை 7 சதவீத வட்டிக் கடன் போல நினைத்து, வட்டியும் அசலும் சேர்ந்த 25 சம வருடத் தவணையாகப் பிரித்தால் வருடத்துக்கு சுமார் 34,300. வருடாந்திரக் கட்டணம் 20,000. மொத்தம் 54,300. ஏழு இரவுக்கு வகுத்தால் ஓர் இரவு சுமார் 7,750 ரூபாய். காலைச் சாப்பாடுகூட இதில் சேராது. ஏழு இரவும் போகாமல் நாலு இரவோடு திரும்பினால் ஓர் இரவு 13,500-ஐத் தாண்டுகிறது.

அப்புறம், 20,000 அப்படியே நிற்காது. விலைவாசியோடு ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும், படித்துப் பாருங்கள். வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் 40,000. 25-ஆவது வருடம் 81,000. அப்போது உங்களுக்கு என்ன வயது, வருமானம் எவ்வளவு என்பதையும் எழுதிப் பாருங்கள்.

நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும். ஹோட்டல் வாடகையும் ஏறத்தான் போகிறது. மே மாதம் ஊட்டியில் நல்ல அறை ஓர் இரவு 7,750-க்குக் கிடைத்தால் அது கொள்ளை விலை அல்ல. கணக்கு உங்களுக்குச் சாதகமாக வர ஒரே வழி, உச்ச சீசனில், வருடம் தவறாமல், ஏழு இரவும் பயன்படுத்துவது. அதைச் செய்ய முடிகிறவர் எத்தனை பேர் என்று நீங்களே யோசியுங்கள்.

மலைக்கோட்டை62:

நான் அப்படிச் செய்கிறவன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, திருச்சி. டைம்ஷேர் என்றாலே ஏமாற்று என்று எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் வருடத்தில் இரண்டு தடவை கிளம்புகிறோம். ஜூலையில் கூர்க், பிப்ரவரியில் ஏற்காடு, இப்படி. எங்களுக்கு லீவு பிரச்சினை இல்லை. திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை திரும்புவோம். கூட்டம் இருக்காது, கேட்ட அறை கிடைக்கும். போன ஜூலையில் மடிக்கேரியில் நாலு நாளும் மழை. அவள் பால்கனியில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து, காப்பித் தோட்டத்தில் மழை இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருடம் காலை நாலரைக்கு எழுந்து எனக்கும் பிள்ளைகளுக்கும் டிபன் கட்டிக் கொடுத்தவள். அந்த நாலு நாளில் அடுப்பையே பார்க்கவில்லை. இதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

உங்கள் மனைவி சொன்னது சரி. பணம் கட்டியிருந்தால்தான் சிலர் கிளம்புவோம், நான் அந்த ரகம். ஆனால் தம்பி, நான் சேர்ந்தது 55 வயதில், பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு. உங்கள் வயதில் சேர்ந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

சீசன் தாளைப் பார்த்தேன், எங்களுக்குச் சொன்னது நடு சீசன். மே மாதம் அதில் இல்லை. அன்றைக்கு அந்தப் பெண் சொன்னபோது "மே மாதமும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்றார். இன்னொரு சந்தேகம்: ஸ்டுடியோவில் பெரியவர் இருவர், சிறுவர் இருவர் என்று போட்டிருக்கிறது. அம்மா ஐந்தாவது ஆள். அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

தாமிரபரணி:

அண்ணா, "அட்ஜஸ்ட்" என்று சொன்னால் எழுதி வாங்குங்கள். ஐந்தாவது ஆளுக்கு எங்கள் அப்பாவிடம் ஒவ்வொரு தடவையும் கூடுதல் படுக்கைக் கட்டணம் வாங்கினார்கள். பிள்ளைகளுக்கும் 12 வயது தாண்டினால் பெரியவர் கணக்கு. உங்கள் மூத்த பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம்தானே இருக்கிறது?

அப்பா விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சேரும்போது யாரும் வெளியே வருவதைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு நாங்கள் போகவே இல்லை. போகாவிட்டாலும் வருடாந்திரக் கட்டணம் உண்டு. இரண்டு வருடம் கட்டாமல் விட்டோம். பாக்கியும் அதற்கு வட்டியும் ஏறியது, அதைக் கட்டாமல் அறை பதிவு செய்ய முடியாது. ரத்து செய்கிறோம் என்று கேட்டால், கழிந்த வருடங்கள், நிர்வாகச் செலவு என்று கழித்துக்கொண்டு திருப்பித் தருவதாகச் சொன்ன தொகை கட்டியதில் ஒரு சிறு பங்குதான்.

அந்தச் சமயத்தில்தான் போன் வந்தது. அப்பாவின் உறுப்பினர் எண், வாங்கிய வருடம், கட்டிய தொகை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான் ஒருவன். மும்பையில் ஒரு பார்ட்டி ஐந்தரை லட்சத்துக்கு வாங்கத் தயாராக இருக்கிறது, தடையில்லாச் சான்றுக்கு 18,500 மட்டும் முன்னால் கட்ட வேண்டும் என்றான். அப்பா கட்டினார். பிறகு முத்திரைத்தாள் செலவு 22,000. அதையும் கட்டிவிட்டு எங்களிடம் சொல்லவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் அம்மா எனக்குப் போன் செய்தார். அந்த நம்பர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. விற்றுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் திருடன்தான். இதைப் படிக்கிற உறுப்பினர்கள் தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

ஏற்காட்டு அடிவாரம்:

சேலத்தில் வக்கீல் தொழில். சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில், இது சொத்து அல்ல. பேச்சில் "அசெட்" என்பார்கள். பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது, வில்லங்கம் போட்டுப் பார்க்க எதுவும் கிடையாது. நம் ஊரில் விற்கப்படும் திட்டங்கள் பெரும்பாலும் இத்தனை வருடம் தங்கிக்கொள்ளும் உரிமை, அவ்வளவுதான். டைம்ஷேருக்கென்று தனிச் சட்டமும் இந்தியாவில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கியவர் மனம் மாறினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம், அது அங்கே சட்டம். இங்கே அந்த அவகாசம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. எத்தனை நாள், எந்த முகவரிக்கு, மின்னஞ்சல் போதுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் பாருங்கள். பின்னால் பார்த்தால் நாள் கடந்திருக்கும்.

"வாய்மொழியாகச் சொன்ன எதுவும் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று ஒரு வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அம்மாவுக்கு இடம், மே மாதம், இரண்டும் அந்த வரியில் அடிபட்டுப் போகும். அதனால் அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கே வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: "மே மாதம் கொடைக்கானலில் ஐந்து பேர் கூடுதல் கட்டணம் இல்லாமல் தங்கலாம் என்றீர்கள், உறுதி செய்யவும்." பதில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள், சில புகார்கள் அதிலேயே தீர்கின்றன.

இன்னொன்று. தங்காவிட்டால் பணம் பெருகித் திரும்ப வரும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் ஹோட்டல் அறை இரவுகளை அப்படித்தான் விற்றது. அது அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று 2014-ல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி உத்தரவு போட்டது. அதற்குள் 50 லட்சத்துக்கும் அதிகமானவர்களிடமிருந்து 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியிருந்தார்கள்.

மலைக்கோட்டை62:

வக்கீல் தம்பி சொன்னது முக்கியம். ஆனால் அந்த மாதிரித் திட்டத்தையும், பல வருடமாக ரிசார்ட் கட்டி நடத்துகிற நிறுவனத்தையும் மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்டெர்லிங் 1986-ல் சென்னையில் தொடங்கியது, கிளப் மஹிந்திரா 1996-ல். கட்டடம் கண் முன்னால் நிற்கிறது.

கணக்குப்பிள்ளை:

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. என் கேள்வி நிறுவனம் நிற்குமா என்பதல்ல. 25 வருடம் நம் வாழ்க்கை அப்படியே நிற்குமா என்பது. மூத்த பிள்ளை நாலு வருடத்தில் பத்தாவது. அடுத்து பிளஸ் டூ, நீட்டோ வேறு நுழைவுத் தேர்வோ. பிறகு சின்னது அதே வரிசையில். இடையில் வேலை மாற்றம், அம்மாவின் உடல்நிலை. இந்த வீட்டில் வருடம் தவறாமல் ஏழு இரவு என்பது எப்போது சாத்தியம் என்றால், நீங்கள் சேர்ந்த அதே 55 வயதில். அன்றைக்குச் சேர்ந்துகொள்ளலாமே.

மலைக்கோட்டை62:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொல்வது சரி.

டல்லாஸ் செந்தமிழ்:

இங்கே அமெரிக்காவில் பத்திரத்தோடு விற்கிற டைம்ஷேரும் உண்டு. ஆனால் பராமரிப்புக் கட்டணம் வருடா வருடம் ஏறுவதால், ஈபேயில் ஒரு டாலருக்குப் போட்டும் வாங்க ஆள் கிடைப்பதில்லை. பத்திரம் இருந்தாலும் விலை போகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நொய்யல்கரை:

வைகைவாசி அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டேன். விசாரித்ததில் எங்கள் ஆபீஸிலேயே கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் ஆறு வருடமாக உறுப்பினர் என்று தெரிந்தது. அதே நிறுவனம், எனக்குச் சொன்னதைவிட மேல் சீசன். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை ஒதுக்கிவைத்துவிட்டு அவர் போனில் பார்த்தோம்.

அடுத்த மே இரண்டாம் வாரம், ஐந்து இரவு. கொடைக்கானல் இல்லை. ஊட்டி இல்லை. மூணாறு காத்திருப்போர் பட்டியல். தேதியை முன்னும் பின்னும் நகர்த்தினோம், அதே கதை. அதே வாரத்தில் ராஜஸ்தானில் மட்டும் எல்லாத் தேதியும் பச்சையாக இருந்தது. மே மாத வெயிலில் ராஜஸ்தான்! "நான் இப்பல்லாம் மே கேக்கறதே இல்லப்பா" என்றார் அக்கா.

வாட்ஸ்அப் கேள்விக்குப் பதில் வரவில்லை. போன்தான் வந்தது. "நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்." எழுத்தில் வேண்டும் என்றேன். அத்துடன் சனிக்கிழமையும் கடந்துவிட்டது. திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டு, அதே விலையை மாதக் கடைசி வரை நீட்டியிருப்பதாகச் சொன்னார்கள்.

அக்கா ஒரு யோசனை சொன்னார். காலாண்டுத் தேர்வு லீவில் அவர் கணக்கில் கொடைக்கானலில் மூன்று இரவு எங்களை விருந்தினராக அனுப்ப முடியும், அதற்கான கட்டணத்தை நாங்கள் கட்டினால் போதும். போகப் போகிறோம். பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம்.

வைகைவாசி:

அருமை தம்பி. இதைத்தான் எல்லோரும் செய்ய வேண்டும். விருந்தினர் உறுதிச் சீட்டு உங்கள் பேரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வரவேற்பில் நிற்க வைப்பார்கள். காரில் போனால் இ-பாஸ் எடுங்கள், 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கட்டாயம். டைம்ஷேர் உறுப்பினர் என்று அதில் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

நொய்யல்கரை:

போய்வந்துவிட்டோம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

அறை சுத்தம், வெந்நீர் எந்நேரமும், பிள்ளைகளுக்கு விளையாட இடம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறையிலிருந்து உணவகத்துக்குப் போக 42 படி. சின்னவள் எண்ணினாள். அம்மா முதல் நாள் காலை ஒரு தடவை ஏறினார், அதோடு சரி. அடுத்த வேளையிலிருந்து அவருக்கு இட்லியை அறைக்குக் கொண்டுவரச் சொன்னோம், அதற்குத் தனிக் கட்டணம். ஐந்து பேருக்கு மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட முடியாது என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. மதியம் ஏழு ரோடு பக்கம் இறங்கி வெளியில் சாப்பிட்டோம். மூன்று இரவில் சாப்பாட்டுச் செலவு மட்டும் 14,200. அந்த ஹாலில் மூன்றரை மணி நேரம் பேசியதில் சாப்பாடு என்ற சொல்லே வரவில்லை.

கடைசி நாள் காலை பனி விலகாமல் இருந்தது. மனைவி காப்பியை வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். "எப்படி, சேர்ந்துரலாமா?" என்று கேட்டேன். "இடம் நல்லா இருக்குங்க. ஆனா அடுத்த வருஷம் எனக்கு மலை வேண்டாம், கடல் பாக்கணும்" என்றாள். அத்தையும் நடக்கிற மாதிரி சமதளமாக இருக்க வேண்டுமாம்.

சேரவில்லை என்று சொல்லிவிட்டேன். இஎம்ஐ-க்கு என்று மனதில் ஒதுக்கிய 11,950-ல் 4,000-ஐ மட்டும் மாதா மாதம் மனைவி பேரில் ஆர்டி போடத் தொடங்கியிருக்கிறோம். ஜனவரியில், பொங்கல் லீவை ஒட்டி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக ஒரு கடற்கரை ஊர் சொல்லுங்கள். கூட்டம் அதிகம் இல்லாத இடமாக.

மலைக்கோட்டை62:

தரங்கம்பாடி போங்கள் தம்பி. டிசம்பரில் போகாதீர்கள், மழை முடிந்திருக்காது, ஜனவரி நடுவில்தான் சரி. கோவையிலிருந்து மயிலாடுதுறைக்கு ஜன் சதாப்தி இருக்கிறது, உட்கார்ந்தபடியே பகலில் போய்விடலாம். அங்கிருந்து ஒரு மணி நேர கார் பயணம். டேனிஷ் கோட்டைக்கு எதிரிலேயே கடல், தெரு முழுக்கச் சமதளம், அம்மா மெதுவாக நடக்கலாம். பொங்கல் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறக்கிற அன்றைக்கே போட்டுவிடுங்கள்.